தோட்டம் மூடப் போகிறதா? கிராணி போவதற்கு முன் செய்ய வேண்டியவை

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்களுக்கு அது இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை, இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம் போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தோட்டம் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீட்டில், அம்மாவும் நானும் என் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தோம். தோட்டம் கைமாறியது. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் பாதி, நான் செய்த தவறுகளால் போன காலம். அந்தப் பாதி உங்களுக்காவது மிஞ்சட்டும்.

அரசாங்கம் ஒன்றும் தருவதில்லை என்று சீனன் கடையில் உட்கார்ந்து பேசுபவர்களை நம்பாதீர்கள். பணிநீக்க இழப்பீடு, வேலையிழப்புக் காப்புறுதி, வாடகை வீடு, முதியோருக்கு மாத உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் இலாகாவில் இருக்கிறது, ஓர் இலாகாவில் கொடுத்த காகிதம் இன்னோர் இலாகாவுக்குத் தெரியாது. எல்லா இலாகாவும் கேட்கும் காகிதங்களில் பாதியைத் தோட்ட அலுவலகம்தான் தர முடியும். தோட்டம் மூடும்போது முதலில் பூட்டுவதும் அந்த அலுவலகத்தைத்தான். லயம் இருக்கும், கோயில் இருக்கும், தண்ணீர்கூட வந்துகொண்டிருக்கும், அலுவலக எழுத்தரான கிராணி இருக்கமாட்டார். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதல் வாரம்: பேனாவை மூடி வைக்கவும்

காலி செய்யச் சொல்லும் தாள் வந்த சில நாளில் உங்களை அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். வழக்கமாகச் சன்னலுக்கு வெளியே நிறுத்திப் பேசுபவர்கள் அன்று நாற்காலி போடுவார்கள். மேசைமேல் மலாயில் அடித்த இரண்டு மூன்று தாள்கள் இருக்கும். ஒன்று, அறிவிப்பைப் பெற்றுக்கொண்டேன் என்பது. அதில் கையெழுத்துப் போடலாம், பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். மற்ற இரண்டும்தான் வில்லங்கம்.

ஒன்று, நானே விருப்பப்பட்டு வேலையை விட்டு விலகுகிறேன் என்ற கடிதம். இதில் கையெழுத்துப் போட்டால் பணிநீக்க இழப்பீடும் போகும், சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிழப்புக் காப்புறுதியும் போகும். இரண்டும் வேலையை இழந்தவருக்கு உரியவை, வேலையை விட்டவருக்குக் கிடையாது.

இன்னொன்று சகுஹாத்தித் தாள். ஏதோ ஒரு தொகையைக் கருணையாகக் கொடுப்பதாக எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில் 'பெஞெலெசாயான் பெனூ டான் முக்தமாட்' என்று ஒரு வரி வரும். இதுவே முழுமையான, இறுதியான தீர்வு, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று பொருள். எங்கள் லயத்தில் ஓர் அக்கா 3,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டார். என் அம்மாவும் அவரும் ஒரே ஆண்டு, ஒரே மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வேலைக்குச் சேர்ந்தவர்கள். அம்மாவுக்குக் கணக்குப்படி வந்தது 18,000 வெள்ளி. கையெழுத்துப் போட்டபின் வாதாடவே முடியாது என்றில்லை. ஆனால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

"வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லித் தாளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தரமறுத்தால் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அதற்கும் விடமாட்டார்கள் என்றால், அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மானேஜர் கொடுத்த கடிதமும் நீதிமன்ற உத்தரவும் ஒன்றில்லை என்பதையும் இந்த வாரமே மனத்தில் வையுங்கள். கடிதத்தில் போட்ட தேதி வந்த உடனே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குச் சிவில் வழக்குகளில் உதவச் சட்ட உதவி இலாகா இருக்கிறது, மலாயில் ஜபாத்தான் பந்துவான் குவாமான். சம்பளச் சீட்டையும் மைகார்டு என்ற அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அங்கே போங்கள்.

2. தோட்ட அலுவலகத்தில் வாங்க வேண்டிய ஐந்து காகிதங்கள்

இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் உங்களிடம் நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பணிச் சான்றிதழ். வேலைக்குச் சேர்ந்த தேதி, நின்ற தேதி, என்ன வேலை என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். இரண்டாவது, வேலை நீக்கக் கடிதம்; எதனால் வேலை போனது என்ற காரணத்தோடு. மூன்றாவது, கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள். நான்காவது, ஈ.பி.எப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ எண்கள். மைகார்டு வருவதற்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய எண் ஒன்று இருக்கும், அதையும் கேளுங்கள்.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை: குடியிருப்பு உறுதிக் கடிதம். எந்த லயம், எந்த எண் வீடு, அதில் யார் யார், எந்த ஆண்டிலிருந்து என்று தோட்டத்தின் கடிதத் தாளில் அடித்து, கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) வைத்து வாங்கவேண்டும். லயத்து வீட்டுக்கு உங்கள் பெயரில் மின்கட்டண ரசீது இருக்காது, தண்ணீர் ரசீது இருக்காது, வீட்டு வரி ரசீது இருக்காது. எல்லாம் சம்பளத்தில் பிடித்ததுதான். அப்புறம் நீங்கள் அங்கே 30 ஆண்டு வாழ்ந்ததற்கு என்ன ஆதாரம்? கோயில் திருவிழாப் படத்தை எந்தக் கவுண்டரும் ஏற்றுக்கொள்ளாது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்தக் கடிதத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை கொடுத்ததில் சாப் இல்லை. நானும் கவனிக்காமல் வந்துவிட்டேன். இரண்டாம் முறை சாப் இருந்தது, வீட்டு எண் தவறு. 14ஏ என்று இருக்க வேண்டியது 14பி ஆகியிருந்தது. 14பி எங்களுக்கு முதுகுப்புறம் இருந்த வீடு. பத்து நாள் கழித்து மூன்றாம் முறை போனபோது அலுவலக முன்வாசலில் லாரி நின்றது. கிராணியின் மேசை தலைகீழாக லாரியில் ஏறியிருந்தது, பெரட்டுப் புத்தகங்களை (ஆள் வருகைப் பதிவேடுகள்) கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிராணி நல்ல மனிதர். லாரியின் பின்பலகையில் வைத்து 'பி'யைப் பேனாவால் 'ஏ' ஆக்கி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சாப் எந்தப் பெட்டியில் போனதென்று அவருக்கே தெரியவில்லை. சாப் இல்லாத அந்தத் திருத்தத்துக்காக நான் பிறகு நான்கு மாதம் அலைந்தேன்.

வாங்கும்போதே அங்கேயே நின்று படியுங்கள். அவசரம் என்று முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

3. பெயரின் எழுத்துக்களை ஒப்பிட்டுப் பாருங்கள்

வீட்டில் பிஸ்கட் டின்னிலோ சாமி மேடைக்கு அடியிலோ உள்ள எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்புங்கள். மைகார்டு, பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், ஈ.பி.எப். கணக்கறிக்கை, தோட்டம் கொடுத்த கடிதம் எல்லாவற்றிலும் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். என் அப்பா பெயர் முனியாண்டி. மலாய்க் காகிதங்களில் அவர் மூன்று பேர்: ஒன்றில் கடைசி எழுத்து 'ஒய்', ஒன்றில் 'ஐ', தோட்டத்துப் பதிவில் நடுவில் ஓர் 'ஏ' காணவில்லை. என் மைகார்டில் அவர் ஒருவர், என் பிறப்புப் பத்திரத்தில் இன்னொருவர்.

இதற்குத் தீர்வு சத்தியப் பிரமாணம். இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போடவேண்டும். பிரமாணத்துக்கு என்னிடம் 10 வெள்ளி வாங்கினார்கள், தட்டச்சுக்கு வேறு 15 வெள்ளி. ஒரு தாளில் எல்லா வேறுபாட்டையும் எழுதிவிடுங்கள். நான் முதலில் அப்பா பெயருக்கு மட்டும் எழுதினேன், பிறகு வீட்டு எண்ணுக்கு ஒன்று, அம்மா பிறந்த தேதிக்கு ஒன்று என்று மூன்று முறை பணம் கட்டினேன்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். 1982 மார்ச்சுக்குப் பிறகு நடந்த முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். வீட்டு விண்ணப்பப் பாரத்தில் 'திருமணமானவர்' என்று குறித்தால் சான்றிதழ் கேட்பார்கள், கல்யாண ஆல்பம் உதவாது. பதிவுக்கு விண்ணப்பித்தால் 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, அதைக் கணக்கில் வைத்து இப்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள்.

அடுத்தது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது; குடிமக்களுக்கு நீலம். குடும்பத்தில் ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம் என்றால் நீல அட்டைக்காரர் பெயரில்தான் வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்குப் பெரியவர் அப்பா, அதனால் அவர் பெயரில்தான் போடுவோம் என்று பிடிவாதம் பிடித்துச் சிவப்பு அட்டையோடு விண்ணப்பித்து, ஓராண்டு காத்திருந்து நிராகரிப்புக் கடிதம் வாங்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். சிவப்பு அட்டையை நீலமாக்கும் வேலை தனியாக நடக்கட்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். 5,000 வெள்ளிக்கு மூன்று மாதத்தில் மாற்றித் தருகிறேன் என்று சாப்பாட்டுக் கடையில் வந்து உட்காரும் ஆளை எழுப்பி அனுப்புங்கள்.

4. இழப்பீட்டைக் கணக்குப் போடுங்கள்

இதற்குச் சட்டம் இருக்கிறது: 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்புச் சலுகை விதிமுறைகள். தொடர்ச்சியாக 12 மாதம் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு, ஓராண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். முழுதாகாத ஆண்டுக்கும் மாதக் கணக்கில் பங்கு உண்டு.

அம்மாவுக்கு 18 ஆண்டு சேவை. கடைசி 12 மாதச் சராசரியில் ஒரு நாள் சம்பளம் 50 வெள்ளி. ஆக, 20 நாளை 18 ஆண்டால் பெருக்கி, அதை 50 வெள்ளியால் பெருக்கினால் 18,000 வெள்ளி. சம்பளச் சீட்டு கேட்டேனே, அது இதற்குத்தான். சீட்டு இல்லாவிட்டால் சராசரி என்னவென்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. செம்பனைக் குலை நன்றாக விழுந்த மாதங்களில் கூடுதலாக வந்த சம்பளத்தை விட்டுவிடாதீர்கள்.

வேலை நின்ற 7 நாளுக்குள் இந்தத் தொகையைக் கொடுக்கவேண்டும். இது முன்னறிவிப்புக்கு மேல் வருவது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையென்றால் 2 ஆண்டுக்குக் குறைந்தவர்களுக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டுக்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்பு. அல்லது அதற்குரிய சம்பளம். இழப்பீடு கொடுத்துவிட்டோம், நோட்டீஸ் சம்பளம் அதில் அடக்கம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

தோட்டம் கைமாறி, புதிய முதலாளி ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் அதே வேலையைக் கொடுக்க முன்வந்து, நீங்கள் காரணமின்றி மறுத்தால் இழப்பீடு கிடையாது. ஆகவே புதிய முதலாளியின் ஆள் வந்து பேசினால், வேண்டாம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பணம் வரவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்களையும் உடன் வரச் சொல்லுங்கள். எங்கள் வழக்கில் இரண்டு முறை கூப்பிட்டார்கள், மூன்றாவதற்கு முன் பணம் வங்கியில் ஏறிவிட்டது. கண்ணீர் விடுவதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். அந்த மேசையில் நான் வைத்த 12 சம்பளச் சீட்டுகளும் தேதிவாரியாகக் கோத்திருந்தன. அதைப் பார்த்ததும் அதிகாரியின் குரலே மாறியது.

5. அறுபது நாள்

இரண்டு இடங்களில் 60 நாள் கெடு உண்டு. தவறவிட்டால் கெஞ்சிப் பயனில்லை.

முதலாவது சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதி. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகை ஆறு மாதம் வரை வரும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறையும். 1,500 வெள்ளி சம்பளக்காரருக்கு முதல் மாதம் ஏறக்குறைய 1,200 வெள்ளி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது கிடையாது. வேலை தேடுவதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். என் அம்மாவுக்கு அப்போது 58. "இந்த வயதில் நான் எங்கே போய் வேலை தேடுவது?" என்று சிரித்தார். பட்டணத்து உணவுக்கடை இரண்டில் கேட்டு, அதைத்தான் எழுதினோம்.

இரண்டாவது, நியாயமின்றி வேலை நீக்கினார்கள் என்று நினைத்தால் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுப்பது. அதுவும் 60 நாள். இது தொழிலாளர் இலாகாவிலிருந்து வேறான அலுவலகம், பெயர் ஒற்றுமையில் குழம்பாதீர்கள்.

6. வீடு

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஆறாவதாக வைத்ததற்குக் காரணம், மேலே உள்ள காகிதங்கள் இல்லாமல் இதில் ஓரடியும் நகரமுடியாது.

உங்கள் நிலைமைக்கு எந்த வழி என்று முதலில் பாருங்கள். நிலம் இல்லை, வருமானம் குறைவு என்றால் வீடமைப்பு அமைச்சு குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் பி.பி.ஆர். வீடுகள், இப்போது பி.ஆர்.ஆர். என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்போகக்கூடாது, மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. மூன்று அறை, சுமார் 700 சதுர அடி. அமைச்சின் அடிப்படை வாடகை மாதம் 124 வெள்ளி, மாநில அரசு நடத்தும் இடங்களில் மாறும். சிலாங்கூரில் குறைந்த விலை வீடுகளுக்கு மாநில வீடமைப்பு, சொத்துடைமை வாரியத்திலும் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகப் பெயர் ஏறாது. பட்டியல் நீளமானது. என் விண்ணப்ப எண் இன்னமும் வரிசையில்தான் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை விவரங்களைப் புதுப்பிக்கிறேன்.

வெளியூரில் தாத்தா விட்டுப்போன துண்டு நிலம் இருந்தால் கதை வேறு. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் பி.பி.ஆர்.டி. திட்டத்தில் வறுமைப் பட்டியலில் உள்ளவர்களுக்கு வீடு கட்டியும் பழுது பார்த்தும் கொடுக்கிறார்கள். அரசாங்க வீடமைப்பு நிறுவனமான எஸ்.பி.என்.பி.யின் ருமா மெஸ்ரா ராக்யாட் திட்டமும் நிலம் உள்ளவர்களுக்குத்தான். நிலம் உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். இப்போது இருக்கும் லயத்தையே பழுதுபார்த்துத் தரச்சொல்லி விண்ணப்பித்துக் காலத்தைக் கழிக்காதீர்கள். அது கம்பெனி நிலம்.

வறுமைப் பட்டியல் என்பது இ-காசே. மாவட்ட அலுவலகத்தில் இலவசமாகப் பதியலாம். வீட்டுக்கு நேரில் வந்து பார்த்து உறுதி செய்வார்கள். இங்கேதான் ஒரு சிக்கல்: நீங்கள் தோட்டத்து முகவரியில் பதிவீர்கள், அவர்கள் வரும்போது லயம் பூட்டியிருக்கும். வீடு மாறினால் அன்றே தெரிவியுங்கள். கைத்தொலைபேசி எண்ணை மட்டும் இந்த ஓராண்டுக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

கையில் இழப்பீடு வந்ததும் இரண்டு வகை ஆள்கள் வருவார்கள். ஒருவர் 500 வெள்ளி 'பதிவுக் கட்டணம்' கொடுத்தால் பி.பி.ஆர். வீடு நிச்சயம் என்பார். அரசாங்க வீட்டுக்கு ஆளிடம் பதிவுக் கட்டணம் கட்டுவது கிடையாது. இன்னொருவர் 20,000 வெள்ளிக்கு 'தி.ஓ.எல். நிலத்தில் வீடு' விற்பார். பிரமாண ஆணையர் சாப் வைத்த தாளையும் காட்டுவார். தி.ஓ.எல். என்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அந்தந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், புதுப்பிப்பது நில அலுவலகத்தின் விருப்பம். யாருக்கும் கைமாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது. 18 ஆண்டுக் குலை வெட்டிய காசை டிசம்பர் 31இல் கரைந்துபோகும் காகிதத்தில் போடுவதா என்று யோசியுங்கள்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் ஈ.பி.எப்.பின் சிஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதத்துக்கு முன்பு இரண்டாம் கணக்கு என்றோமே, அதுதான். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானபின்தான் விண்ணப்பிக்க முடியும். அதனால் முன்பணத்துக்கு வேறு காசு வேண்டும்.

இடைக்கால வாடகை வீட்டுக்கும் கணக்குப் போடுங்கள். எங்கள் பட்டணத்தில் 500 வெள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். இரண்டு மாத டெப்பாசிட், அரை மாதம் மின்சாரம் தண்ணீருக்கு, ஒரு மாத முன்வாடகை: சாவி வாங்கும் நாளில் 1,750 வெள்ளி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டு வாடகை என்ற ஒன்றே அதுவரை தெரியாது.

7. எல்லாரும் சேர்ந்து போடவேண்டிய கடிதம்

தனியாக அலைவது உங்கள் இழப்பீட்டுக்கு. வீட்டுக்கு லயம் முழுதும் ஒரே கடிதத்தில் நிற்கவேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்றவும் மாநிலத்திடம்தான் வரவேண்டும். தொழிலாளர்களுக்கு வீடு கொடுத்துவிட்டுக் கட்டு என்று நிபந்தனை போட இடம் இருப்பது அந்தக் கட்டத்தில்தான். அனுமதி கொடுத்தபிறகு மறியல் செய்து பத்திரிகையில் படம் வரலாம். வீடு வருவது கடினம்.

கடிதத்தோடு குடும்பப் பட்டியலை இணையுங்கள்: வீட்டு எண், குடும்பத் தலைவர், மைகார்டு எண், எத்தனை பேர், எத்தனை ஆண்டு. திருமணமாகி அதே வீட்டின் பின்னறையில் இருக்கும் மகனைத் தனிக் குடும்பமாக எழுதவேண்டுமா என்று சண்டை வரும். இப்போதே சண்டை போட்டு முடித்துவிடுங்கள். எங்கள் பகுதியில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்களுக்கு வீடமைப்புத் திட்டம் கிடைக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. அத்தனை காலம் தாங்குகிற பட்டியலாக இருக்கட்டும்.

நகல்கள் மாவட்ட நில அலுவலகத்துக்கும், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும், இந்திய சமூகத் தலைவருக்கும். ஒவ்வோர் இடத்திலும் உங்கள் நகலில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) சாப்பும் தேதியும் குத்தி வாங்குங்கள். அந்தச் சாப் இல்லாத கடிதம் யாருக்கும் வந்து சேராத கடிதம்.

8. வயதானவர்கள்

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் பெயர் தோட்டப் பதிவிலும் இல்லை, தாத்தா இறந்ததோடு எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களை யாராவது ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டும். சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை இப்போது மாதம் 600 வெள்ளி. 60 வயதுக்கு மேல், நிலையான வருமானம் இல்லாமல், ஆதரிக்கும் குடும்பமும் இல்லாமல் இருக்கவேண்டும். மைகார்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், தாத்தாவின் மரணச் சான்றிதழ் எடுத்துப் போனோம். பாட்டிக்கு வங்கிக் கணக்கே இல்லை. கைரேகை தேய்ந்துபோன விரலை வங்கி இயந்திரம் ஏற்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் புல் பிடுங்கியும் தேய்ந்த விரல். ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் பதிந்தது. முழு நாள் போயிற்று. ஆகவே வங்கிக்கு ஒரு நாள், இலாகாவுக்கு ஒரு நாள் என்று ஒதுக்குங்கள்.

9. பள்ளி, முகவரி, சில்லறை வேலைகள்

பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி மாற்றத்துக்குப் புதிய முகவரி ஆதாரமும் பிறப்புப் பத்திர நகலும் வேண்டும், தலைமையாசிரியரிடம் தொடங்குங்கள். அவரிடமே மற்றக் காகித நகல்களையும் 'சா' செய்து (அசலின் நகல்தான் என்று சான்றளித்து) வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலான பாரங்களுக்கு அது செல்லும். மைகார்டில் முகவரி மாற்ற 10 வெள்ளி, வீடு மாறிய 30 நாளுக்குள் செய்யவேண்டும். வீடு மாறுவதற்கு முன்பே உறவினர் வீட்டு முகவரிக்கு மாற்றிவிடாதீர்கள். குடும்பப் பட்டியலைச் சரிபார்க்கும் நாளில் உங்கள் மைகார்டு நீங்கள் லயத்தில் இல்லை என்று சொல்லும்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். நகல் எடுக்கவே எனக்கு 60 வெள்ளிக்கு மேல் ஆனது, பெட்ரோல் கணக்கை நான் எழுதிவைக்கவில்லை.

10. சாவி கொடுக்கும் நாள்

லாரிக்கு 450 வெள்ளி. துளசி மாடத்தை ஏற்ற லாரிக்காரர் தனியாக 20 கேட்டார். பொருள்களை ஏற்றியபின் காலி வீட்டை ஒவ்வோர் அறையாகப் படம் எடுங்கள், மீட்டர் எண் தெரியும்படி அதையும் எடுங்கள்.

சாவியை வெறுங்கையில் நீட்டிவிட்டு வராதீர்கள். எந்தத் தேதியில் வீட்டை ஒப்படைத்தீர்கள் என்பதற்கு எழுத்து வேண்டும். சகுஹாத்தி பாக்கிக்கும் பழைய மின்கட்டணச் சண்டைக்கும் அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள். எங்கள் அன்றைய நிலையில் வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஆளே இல்லை, வாயிற்காவலர் மட்டும் இருந்தார், நேபாளத்துத் தம்பி. அம்மா சுவரிலிருந்த சாமி படக் காலண்டரில் அந்த மாதத் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கத்தில் வீட்டு எண், தேதி, நேரம், இரண்டு சாவி என்று நான் மலாயில் எழுத, அந்தத் தம்பி தன் பெயரையும் பாஸ் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தொழிலாளர் இலாகாவில் நான் நீட்டிய காகிதங்களில் ஒரு கேள்வியும் கேட்காமல் நகல் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.